போர் தந்த காசு வருமானமா? மஹாபொல படிவத்தின் முன்னால் நிற்கும் பிள்ளைகள்

“அக்கா, அம்மாவுக்கு வந்த அந்த ரெண்டு இலட்சத்தையும் வருமானமெண்டு போடோணுமா?”

ஹந்தானைத் தோட்டத்து லயம் ஒன்றில், மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பிள்ளை என்னிடம் கேட்ட கேள்வி இது. அவளுடைய அம்மாவின் பெற்றோர் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தை விட்டுக் கிளிநொச்சிக்குப் போய்க் குடியேறியவர்கள். 2009 மே மாதத்துக்குப் பிறகு அப்பாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அம்மா ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். பிள்ளை உயர்தரம் எழுதி, பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருக்கிறாள். மலையை விட்டு நாற்பது வருடங்களுக்கு மேல் ஆன பிறகு, அந்தக் குடும்பத்தில் ஒருத்தி அதே ஹந்தானை மலையடிவாரத்துக்குப் படிக்க வந்திருக்கிறாள்.

அவள் கையில் இருந்தது மஹாபொல மற்றும் பர்சரி உதவிக்கான வருமான விபரப் படிவம். கேள்வி சின்னது. ஆனால் அந்த இரண்டு இலட்சத்தை எந்தக் கட்டத்தில் எழுதுகிறாள் என்பதில், நான்கு வருடங்கள் மாதாமாதம் கிடைக்கக்கூடிய உதவி கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் தங்கியிருக்கிறது. போரில் எதையோ இழந்ததற்காக ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கும் காசு, அந்தக் குடும்பத்துப் பிள்ளையின் படிப்பு உதவியைக் குறைக்கலாமா? இதை எழுதத் தொடங்கியது இந்தக் கேள்விக்காகத்தான்.

மஹாபொல, பர்சரி: அடிப்படை விடயங்கள்

மஹாபொல உயர்கல்விப் புலமைப்பரிசில் நம்பிக்கை நிதியம் 1981 ஆம் ஆண்டின் 66 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவானது. அப்போது வர்த்தக அமைச்சராக இருந்த லலித் அத்துலத்முதலியே இதன் மூலகர்த்தா. அரச பல்கலைக்கழகங்களில் பாடநெறிக் கட்டணம் இல்லை. ஆனாலும் சாப்பாடு, தங்குமிடம், போக்குவரத்து, போட்டோகொப்பி, இணையம் எல்லாம் காசுதான். அந்தச் செலவுக்குத்தான் இந்த உதவி.

மஹாபொல கிடைக்காத, ஆனால் வசதி குறைந்த மாணவர்களுக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் பர்சரி உதவி இருக்கிறது. ஒருவர் இரண்டையும் ஒரே நேரத்தில் பெற முடியாது.

2025 வரவு செலவுத் திட்டத்தில் மஹாபொல மாதத் தவணை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாகவும், பர்சரி 4,000 ரூபாவிலிருந்து 6,500 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. அந்த ஆண்டு ஏப்ரல் முதல் நடைமுறை. வருடத்துக்குப் பத்துத் தவணைகள். விரிவுரைகளுக்கு 80 வீதமாவது சமுகமளித்திருக்க வேண்டும்.

இரண்டுக்கும் பொதுவான வாசல் குடும்ப வருமானம். ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபா என்பதே பல வருடங்களாக இருந்து வந்த வரம்பு. நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டுக்குரிய அறிவுறுத்தலில் அந்த எண்ணை முதலில் பாருங்கள். கீழே உள்ள கணக்கு 5 இலட்சத்தை வைத்துப் போட்டது.

ஒரு குடும்பத்தின் கணக்கு

அந்தப் பிள்ளையும் நானும் ஒரு கொப்பியில் கணக்குப் போட்டோம்.

தனியார் துறைக்குரிய தேசிய குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாக்கப்பட்டது. அம்மாவுக்கு அந்தக் குறைந்தபட்சம்தான் என்று வைத்தால் ஆண்டுக்கு 3,24,000 ரூபா. குடும்பத்துக்கு அஸ்வெசும கிடைக்கிறது. ‘வறிய’ பிரிவுக்கு 2025 இலிருந்து மாதம் 10,000, அதாவது ஆண்டுக்கு 1,20,000. இரண்டையும் கூட்டினால் 4,44,000. வரம்புக்குள்தான்.

அதனுடன் இழப்பீட்டுக்கான அலுவலகத்திலிருந்து ஒருமுறை வந்த 2 இலட்சத்தைச் சேர்த்தால் 6,44,000. வரம்பு தாண்டிவிட்டது.

அந்தக் காசு இப்போது வங்கியில்கூட இல்லை. கடன் கட்டியதிலும் கூரை மாற்றியதிலும் முடிந்துவிட்டது. அடுத்த வருடம் அது திரும்ப வரப்போவதும் இல்லை. ஆனால் ‘வேறு வருமானம்’ என்ற கட்டத்தில் எழுதப்பட்டுவிட்டால், காகிதத்தில் அந்தக் குடும்பம் வசதியான குடும்பமாகிவிடும். அப்பாவைத் தேடிக் களைத்த ஒரு வீட்டுக்கு ஆறுதலாகக் கொடுத்ததை, மகளின் தவணைப் பணத்திலிருந்து திருப்பி எடுத்தது போல் முடியும்.

வரம்பு எவ்வளவு கீழே நிற்கிறது என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். 2026 ஜனவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 30,000 ரூபா. ஒரு வீட்டில் இரண்டு பேர் அந்தச் சம்பளத்துக்கு வேலை செய்தாலே ஆண்டு வருமானம் 7,20,000. சட்டம் அனுமதிக்கும் ஆகக் குறைந்த சம்பளத்தில் வாழும் தாயும் தந்தையும், அந்த 5 இலட்சக் கணக்கில் ‘வசதியானவர்கள்’.

போரால் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு வரும் காசுகள்

வடக்கு, கிழக்கிலும் மலையகத்திலும் உள்ள குடும்பங்கள் எல்லாவற்றையும் ஒரே சொல்லில் ‘நட்டஈடு’ என்கின்றன. படிவம் நிரப்பும்போது அந்தப் பழக்கம் உதவாது. ஒவ்வொன்றும் வேறு வகை.

முதலாவது, காணாமற்போனோர் குடும்பங்களுக்கான உதவி. காணாமற்போனோர் பற்றிய அலுவலகம் 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. 2018 இல் வெளியான அதன் இடைக்கால அறிக்கை, காணப்படாமைச் சான்றிதழ் உள்ள, நிலையான வருமானம் இல்லாத குடும்பங்களுக்கு மாதம் 6,000 ரூபாவும், பிள்ளை ஒன்றின் படிப்புக்கு மாதம் 2,000 ரூபாவும் கொடுக்கும்படி பரிந்துரைத்தது. 6,000 ரூபா 2019 வரவு செலவுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. ஆனால் ஒரு சிறு தொகையினருக்கே அது கிடைத்தது. பிறகு 2022 மார்ச்சில் அமைச்சரவை ஒருமுறை மட்டும் 1 இலட்சம் ரூபா என்று தீர்மானித்தது. பின்னர் அது 2 இலட்சமாக்கப்பட்டது. மாதாந்த உதவியாகத் தொடங்கியது, ஒருமுறைக் கொடுப்பனவாக மாறியது.

இரண்டாவது, இழப்பீட்டுக்கான அலுவலகம் வழங்கும் ஏனைய கொடுப்பனவுகள்: உயிரிழப்பு, காயம், சொத்திழப்பு ஆகியவற்றுக்கானவை. 2018 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இந்த அலுவலகம் வந்தது. அதற்கு முன்னர் இந்தப் பணியைச் செய்தது 1987 இல் உருவான புனர்வாழ்வு அதிகாரசபை. நம்மவர்கள் பலர் இன்னும் ‘ரெப்பியா’ என்றே சொல்கிறார்கள். 2018 ஆம் ஆண்டுச் சட்டம் காசு கொடுப்பதோடு நிற்கவில்லை. தனிநபருக்கான இழப்பீட்டு வடிவங்களில் கல்வி, பயிற்சித் திட்டங்களையும் சேர்த்துள்ளது. பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்கு உதவ இந்தச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

மூன்றாவது, அஸ்வெசும. இது போருக்கானதல்ல, வறுமைக்கானது. 2023 ஜூலையில் சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்துக்கு வந்தது. மாதாமாதம் வருவதால் அதிகாரிகள் இதை இலகுவில் வருமானம் என்று எடுத்துக்கொள்ளக்கூடும்.

நான்காவது, வெளிநாட்டு உறவினர் அனுப்பும் காசு. சித்தப்பா கனடாவிலிருந்து மாதம் தவறாமல் அனுப்பினால் அது வழமையான வருமானம்போலவே பார்க்கப்படும். வீட்டில் ஒருவருக்குச் சத்திரசிகிச்சை என்று ஒருமுறை அனுப்பினால் அது வேறு.

ஐந்தாவது, கடன். முன்னாள் போராளிகளில் 12,000 பேருக்கு மேல் அரச புனர்வாழ்வுத் திட்டத்தின் ஊடாகச் சென்று வெளியே வந்தார்கள். அவர்களில் சிலருக்குத் தொழில் தொடங்கக் கடன் கிடைத்தது. கடன் திருப்பிக் கட்ட வேண்டியது. அதை எந்தப் படிவத்திலும் வருமானமாக எழுத வேண்டியதில்லை. அந்தக் கடனில் நடக்கும் தொழிலின் இலாபம் மட்டுமே வருமானம்.

மறுபக்கத்துப் பிள்ளை

பேராதனையில் எனக்குத் தெரிந்த ஒரு சிங்கள மாணவன் இருக்கிறான். கண்டி மாவட்டத்துக் கிராமம் ஒன்று அவனுடைய ஊர். அப்பா இராணுவத்தில் இருந்து 2008 இல் வடக்கில் இறந்தவர். போரில் இறந்த படையினரின் குடும்பத்துக்கு, அவர் உயிரோடு இருந்தால் 55 வயதாகும் காலம் வரை சம்பளம் தொடர்ந்து வழங்கப்படுகிறது. அவன் சொன்னான்: “அப்பாவின் சம்பளத்தையும் அம்மா சின்னக் கடை நடத்தி எடுப்பதையும் கூட்டினதும் வரம்பு தாண்டிவிட்டது. மஹாபொல இல்லை.”

படையினரின் குடும்பங்களுக்கு வேறு ஒரு வாசல் இருக்கிறது. 1999 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த ரணவிரு சேவா அதிகாரசபை, கொல்லப்பட்ட, காணாமற்போன, உடல் ஊனமுற்ற படையினரதும் பொலிஸாரதும் குடும்ப நலனைக் கவனிக்கிறது. பிள்ளைகளின் கல்விக்கான புலமைப்பரிசில்களும் அதன் வேலைகளில் ஒன்று. சட்டம் இனம் பார்ப்பதில்லை. கடமையில் இறந்த தமிழ்ப் பொலிஸ் உத்தியோகத்தரின் பிள்ளையும் அங்கே விண்ணப்பிக்கலாம். இப்படியான குடும்பங்கள் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் இருக்கின்றன.

போரில் இறந்த பொதுமகனின் பிள்ளைக்கும், காணாமற்போனவரின் பிள்ளைக்கும், முன்னாள் போராளியின் பிள்ளைக்கும் அதுபோன்ற தனி அதிகாரசபை கிடையாது. அவர்களுக்கு இருப்பது பொதுப் படிவம் ஒன்றுதான். அதனால் அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் பிழைத்தால், சாய்வதற்கு வேறு சுவர் இல்லை.

இருந்தாலும் அந்த மாணவனின் கதை ஒரு விடயத்தைக் காட்டுகிறது. தந்தையை இழந்ததற்காகக் குடும்பத்துக்கு வரும் காசை, தந்தை உழைத்துக் கொண்டுவரும் காசைப்போலவே படிவம் பார்க்கிறது. இந்தக் குறை ஒரு பக்கத்துக்கு மட்டும் உரியதல்ல.

அமெரிக்கா இதை எப்படித் தீர்த்தது?

இதே சிக்கல் அமெரிக்காவில் பல பத்தாண்டுகள் இருந்தது. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய படையினரைப் படிக்க வைக்க, 1944 ஜூன் 22 இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டம்தான் ‘ஜீ.ஐ. பில்’. 2001 செப்டெம்பர் 11 இன் பின்னர் சேவை செய்தவர்களுக்கான அதன் புதிய வடிவம் 2008 இல் நிறைவேறி, 2009 ஓகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. பாடநெறிக் கட்டணம், வாடகைக்கான மாதப்படி, புத்தகச் செலவு ஆகியவற்றை அது தருகிறது. சில நிபந்தனைகளுடன் அந்த உரிமையைப் பிள்ளைக்கோ துணைக்கோ மாற்றியும் கொடுக்கலாம்.

அதே மாணவர் வறுமை அடிப்படையிலான உதவிக்கும் விண்ணப்பிப்பார். அங்கே அதற்கான பொதுப் படிவத்தின் பெயர் ‘ஃபாஃப்சா’. அதை வைத்துத்தான் பெல் மானியம் போன்றவை தீர்மானிக்கப்படுகின்றன. முன்பு படையினர் உதவித் தொகையை ‘ஏற்கெனவே கிடைக்கும் உதவி’ என்று கணக்கில் எடுத்து, மற்ற உதவியைக் குறைத்தார்கள். ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுப்பது என்ற விமர்சனம் எழுந்தது. சட்டம் மாற்றப்பட்டது. அதன்படி, மத்திய அரசின் படையினர் கல்வி உதவியை ஏனைய மத்திய அரச மாணவர் உதவிகளைக் கணிக்கும்போது சேர்க்கக் கூடாது. படிவத்தில் அதை வருமானமாக எழுதவும் தேவையில்லை. படையில் சேவை செய்தவர் தனித்து வாழும் மாணவராகக் கருதப்படுவதால், பெற்றோரின் வருமானமும் கேட்கப்படுவதில்லை.

இதற்கு ஒரு எல்லை உண்டு. மத்திய அரசு தரும் உதவிக்கே இந்த விதி. கல்லூரி தன் சொந்தப் பணத்திலிருந்து தரும் சலுகையைத் தீர்மானிக்கும்போது படையினர் உதவியைக் கணக்கில் எடுக்கலாம். அமெரிக்காவில் வாழும் நம் உறவுகளில் படையில் சேர்ந்து திரும்பிய பிள்ளைகள், கல்லூரியின் உதவி அலுவலகத்தில் இதைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

அமெரிக்கா தன் படையினருக்குச் செய்தது அது. நமக்கு அங்கிருந்து எடுக்க வேண்டியது அதற்குள் இருக்கும் ஒரு கொள்கை: போரின் இழப்புக்காகவும் சுமைக்காகவும் கொடுக்கப்படும் உதவி, வறுமையைப் பார்த்துக் கொடுக்கப்படும் உதவியைக் குறைக்கக் கூடாது. அங்கே அதைச் சட்டத்தில் எழுதிவிட்டார்கள். இங்கே அது படிவம் நிரப்பும் பிள்ளையின் ஊகத்துக்கும், கையெழுத்திடும் அதிகாரியின் மனதுக்கும் விடப்பட்டிருக்கிறது.

படிவம் நிரப்பும்போது

எதையும் மறைக்கும்படி நான் சொல்லவில்லை. பொய்யான வருமான விபரம் கண்டுபிடிக்கப்பட்டால் கிடைத்த உதவியும் போகும். நான் சொல்வது, பிரித்து எழுதுங்கள் என்பதே.

1. மாதாமாதம் வருவதையும் ஒருமுறை வந்ததையும் கலக்காதீர்கள். சம்பளம், ஓய்வூதியம், காணி வருமானம், வியாபாரம் ஆகியவை அவற்றுக்குரிய கட்டங்களில் வர வேண்டும். ஒருமுறை இழப்பீட்டைத் தனித்தாளில் எழுதி இணையுங்கள்: யார் கொடுத்தது, எதற்காக, எந்தத் திகதி, எவ்வளவு.

2. இழப்பீட்டுக்கான அலுவலகம் அனுப்பிய கடிதத்தின் பிரதியையும், அந்தத் தொகை வரவு வைக்கப்பட்ட வங்கிப் புத்தகப் பக்கத்தின் பிரதியையும் அதனுடன் சேருங்கள். அது ஒரே ஒரு முறை வந்த காசு என்பதற்கு அந்தப் பக்கமே சாட்சி.

3. கிராம அலுவலர் வருமானத்தை உறுதிப்படுத்தும்போது பக்கத்தில் இருங்கள். மொத்தத் தொகை ஒன்றை மட்டும் எழுதிவிடாமல், அஸ்வெசும எவ்வளவு, உழைப்பு வருமானம் எவ்வளவு என்று பிரித்துக் குறிப்பிடும்படி மரியாதையாகக் கேளுங்கள். பிரதேச செயலாளரின் கையெழுத்துக்குப் போன பிறகு திருத்துவது சிரமம்.

4. தந்தையின் பகுதியை வெறுமையாக விடாதீர்கள். இறப்புச் சான்றிதழ் இருந்தால் அதையும், காணப்படாமைச் சான்றிதழ் இருந்தால் அதையும் இணையுங்கள். 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அறிமுகப்படுத்திய காணப்படாமைச் சான்றிதழ், அவர் இறந்துவிட்டார் என்று சொல்வதில்லை. அதை வைத்திருக்கும் பிள்ளை ‘இறந்துவிட்டார்’ என்று எழுத வேண்டிய அவசியமும் இல்லை. சான்றிதழின் செல்லுபடித் திகதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. பாடசாலைக்கோ பல்கலைக்கழகத்துக்கோ போகும் சகோதரர்கள் இருந்தால் அதற்கான கடிதங்களை முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

6. மஹாபொல இல்லை என்று வந்தால் அதோடு நிறுத்தாதீர்கள். பல்கலைக்கழகத்தின் மாணவர் உதவிப் பிரிவில் பர்சரி பற்றி எழுத்தில் கேளுங்கள். இடையில் தாய் வேலை இழந்தாலோ பாதுகாவலர் இறந்தாலோ அதையும் உடனே எழுத்தில் அறிவியுங்கள்.

7. வேறு அமைப்பு ஒன்றின் புலமைப்பரிசில் கிடைத்தால், கையெழுத்திடுவதற்கு முன்னர், “வேறு உதவி பெறுபவருக்கு இது நிறுத்தப்படுமா?” என்று இரண்டு பக்கமும் கேளுங்கள்.

8. கொடுக்கும் ஒவ்வொரு தாளுக்கும் பிரதி வைத்திருங்கள். கையளித்த திகதியைப் பிரதியில் எழுதி வையுங்கள்.

காசு வாங்காத வீடுகள்

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மாரில் பலர், இழப்பீட்டையும் சான்றிதழையும் ஏற்க மறுத்தவர்கள். காசு வாங்கினால் பிள்ளையின் கதை முடிந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது அவர்களின் பயம். அந்த முடிவை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் அந்த வீடுகளிலும் பல்கலைக்கழகம் போகும் பேரப்பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். சான்றிதழ் இல்லாத வீட்டுப் பிள்ளை, தந்தையின் வருமானம் என்ற கட்டத்துக்கு முன்னால் கையில் எந்தத் தாளும் இல்லாமல் நிற்கிறது. பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, செஞ்சிலுவைச் சங்கத்தில் பதிந்த கடிதம், ஆணைக்குழுக்களில் சாட்சியமளித்த பதிவு என்று வீட்டில் கட்டுக்கட்டாக இருப்பவற்றை, கிராம அலுவலரின் கடிதத்தோடு சேர்த்துக் கொடுப்பதுதான் இப்போதைக்குச் செய்யக்கூடியது. ஒரு குடும்பத்தின் அரசியல் நிலைப்பாடு பிள்ளையின் சாப்பாட்டுக் காசுக்கு விலையாகக் கூடாது.

ஒரு வரி போதும்

இதைத் தீர்க்கப் புதிய நிதியம் தேவையில்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் மஹாபொல நிதியமும் தங்கள் அறிவுறுத்தலில் ஒரு வரி சேர்த்தால் போதும்: ‘2018 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் இழப்பீடும், போரில் இறந்த அல்லது காணாமற்போன ஒருவருக்காகக் குடும்பத்துக்கு வழங்கப்படும் நிவாரணமும் குடும்ப வருமானத்தில் சேர்க்கப்பட மாட்டாது.’ அந்த வரி கிளிநொச்சிப் பிள்ளைக்கும் உதவும், கண்டிக் கிராமத்துப் பையனுக்கும் உதவும். வடக்கு, கிழக்கு, மலையக நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்க வேண்டியதும், பல்கலைக்கழக மாணவர் ஒன்றியங்கள் சேர்ந்து கேட்கக்கூடியதும் இதுதான்.

அன்று மாலை அந்தப் பிள்ளை படிவத்தை நிரப்பி முடித்தாள். சம்பளம் அதன் கட்டத்தில். அஸ்வெசும தனியாக. இரண்டு இலட்சம் ஒரு தனித்தாளில், திகதியோடு. தந்தையின் பெயருக்கு எதிரே ‘காணப்படாமைச் சான்றிதழ் இணைக்கப்பட்டுள்ளது’ என்று எழுதினாள். மாமி தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தார். “இவ்வளவு எழுதினா போதுமா அக்கா?” என்று கேட்டாள். “பிரதி எடுத்து வை” என்றேன்.